கேள்வித்தாளுக்குப் பின்னால்: கணிதப் போட்டி பற்றி உங்கள் கேள்விகள்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் கணிதப் போட்டிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அப்படி ஒரு போட்டிக்குப் பல ஆண்டுகளாகக் கேள்வி போட்டும், விடைத்தாள் திருத்தியும் வரும் கணிதப் பேராசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

பள்ளியில் எனக்குக் கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு. பல்கலைக்கழகப் போட்டியில் பத்துக் கேள்விகளில் இரண்டுதான் சரியாக வந்தது. எனக்கு உண்மையிலேயே கணக்கு வராதா?
(பத்தாம் வகுப்பு மாணவி)

வரும். உன்னைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. இந்த இரண்டு தேர்வுகளும் வேறு வேறு காரியத்துக்காகப் போடப்படுபவை. சொல்லிக்கொடுத்தது மனதில் நின்றிருக்கிறதா என்று பள்ளித் தேர்வு பார்க்கிறது. வகுப்பு முழுக்க நூறு வாங்கினால் ஆசிரியருக்குச் சந்தோஷம். போட்டித்தாளை நாங்கள் அப்படிப் போடுவதில்லை. பத்துக் கேள்வி வைத்தால், முதல் இரண்டு மூன்றில் வந்திருக்கிற எல்லோருக்கும் பிடி கிடைக்க வேண்டும். கடைசி இரண்டு மிகச் சிலருக்குத்தான் வர வேண்டும். இந்தக் கணக்கில்தான் அடுக்குகிறோம். பலர் முழு மார்க் வாங்கிவிட்டால் நாங்கள் தாளைச் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம். அதனால் முதல் தடவை பத்துக்கு இரண்டு வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு கணக்கைப் படிக்கும் முன்பே அது எந்தப் பாடத்தின் கீழ் வருகிறது என்று உனக்குத் தெரியும். இருபடிச் சமன்பாடு பாடத்தின் முடிவில் இருக்கும் கணக்கை இருபடிச் சமன்பாடு வைத்துத்தான் போட வேண்டும். பாதி வேலையைத் தலைப்பே செய்துகொடுத்துவிடுகிறது. எங்கள் தாளில் தலைப்பு கிடையாது. இதைப் பார்:

பலகையில் 1 முதல் 18 வரை எல்லா முழு எண்களும் எழுதியிருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் ஏதாவது இரண்டு எண்களை அழித்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வரும் எண்ணை எழுத வேண்டும். (இரண்டும் சமமாக இருந்தால் 0 எழுத வேண்டும்.) இப்படியே போனால் கடைசியில் ஒரே ஓர் எண் மிஞ்சும். அது 0 ஆக இருக்க முடியுமா?

கழித்தல் தெரிந்த சின்னப் பிள்ளைக்குக்கூட இந்தக் கேள்வி புரியும். ஆனால் இது எந்தப் பாடம்? எந்தச் சூத்திரம்? எதுவும் தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பல்கலைக்கழகம் உன்னைக் கூப்பிடுகிறது. பள்ளியில் அந்தப் பத்து நிமிடம் உனக்குக் கிடைத்ததே இல்லை. அது பழக வேண்டிய ஒன்று, பழகினால் வரும். விடையைக் கீழே வேறொரு கேள்விக்கான பதிலில் சொல்கிறேன். அதற்குள் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்.

இன்னொன்று. உனக்கு வந்த அந்த இரண்டை நான் கேட்கப் போவதில்லை. வராத எட்டில் எது உன்னை வீட்டுக்குப் போகும் வழியிலும் விடவில்லை? அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பி.

இவ்வளவு சிரமப்பட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்துவதில் பல்கலைக்கழகத்துக்கு என்ன லாபம்?

நல்ல மாணவர்கள் தங்கள் பக்கம் வர வேண்டும் என்ற ஆசை எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வழக்கம் தொடங்கிய கதையைப் பார்த்தால் அந்த ஆசை மட்டும் காரணமில்லை என்று தெரியும்.

ஹங்கேரியில் 1894-ல் அந்நாட்டின் கணித, இயற்பியல் சங்கம் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. லோரான்ட் ஒட்வஷ் என்ற இயற்பியலாளர் அந்தச் சங்கத்தின் தலைவர், பல்கலைக்கழகப் பேராசிரியர். அந்த ஆண்டு கல்வி அமைச்சராகவும் ஆனார். போட்டிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மூன்று கேள்விகள், நான்கு மணி நேரம். புத்தகம் வைத்துப் பார்த்தே எழுதலாம். புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய எதையும் அவர்கள் கேட்கவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. அதே 1894-ல் தானியேல் அரன் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களுக்காக ஒரு கணித மாத இதழும் ஆரம்பித்தார். மாதாமாதம் கேள்வி வரும், பிள்ளைகள் அனுப்பும் நல்ல விடைகள் அச்சாகும். போட்டியும் இதழும் ஒன்றுக்கொன்று துணையாக வளர்ந்தன. கணிதவியலாளர் லிபோட் ஃபெயேர், விமானவியல் அறிஞர் தியோடர் வான் கார்மன், இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர் எல்லோரும் அந்தப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள்தான்.

பின்னாளில் பெரிய கணிதவியலாளர்களான இரண்டு பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காபோர் சேகோவும் சிறுவனாக அதில் பரிசு வாங்கினார். ஜார்ஜ் போல்யாவும் அதே போட்டிக்குப் போனார். ஆனால் விடைத்தாளைக் கொடுக்காமலேயே திரும்பிவிட்டார். பின்னாளில் இரண்டு பேரும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 1946-ல் பள்ளி மாணவர்களுக்கு அங்கே ஒரு கணிதப் போட்டித் தேர்வு தொடங்கியது. 1965 வரை நடந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் இந்த இருவரும்தான். பரிசு வாங்கிய பையனும் தாளைக் கொடுக்காத பையனும் சேர்ந்து அடுத்த தலைமுறைக்குக் கேள்வி போட்டார்கள். ஒரு நாள் போட்டியின் முடிவு ஒருவருடைய கணிதத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்று பெற்றோர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்வேன்.

ரஷ்யாவில் லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) 1934-லும் மாஸ்கோவில் 1935-லும் ஒலிம்பியாட் என்ற பெயரில் பள்ளி மாணவர்களுக்கான கணிதப் போட்டி ஆரம்பித்தார்கள். மாஸ்கோவில் அலெக்சாந்த்ரோவ், கோல்மொகோரோவ் மாதிரியான முதல் வரிசைக் கணித மேதைகள் பள்ளிப் பிள்ளைகளுக்காக நேரம் ஒதுக்கினார்கள். பேராசிரியர்கள் பள்ளி மாணவர்களுக்குச் சொற்பொழிவு ஆற்றினார்கள், பல்கலைக்கழகத்தில் கணித வட்டங்கள், அதாவது மாணவர்கள் கூடிக் கணக்குப் போடும் குழுக்கள், நடந்தன. என் பார்வையில் பல்கலைக்கழகப் போட்டியின் சாரமே இதுதான். கணக்கையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவரைப் பதினைந்து வயதில் ஒரு பிள்ளை நேரில் பார்க்கிறது. கணக்கு என்பது எப்போதோ முடிந்துபோன பாடம் அல்ல, இன்றைக்கும் யாரோ உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும் ஒன்று என்று அன்றைக்குத்தான் அதற்குத் தெரியவருகிறது.

இதில் ஜெயித்தால் கல்லூரியில் இடம் கிடைக்குமா?
(ஒரு தந்தை)

சில இடங்களில் உதவும். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் நடத்தும் யூக்ளிட் போட்டியின் மதிப்பெண்ணை அந்தப் பல்கலைக்கழகமே கணிதப் படிப்புக்கான சேர்க்கையிலும் உதவித்தொகையிலும் கவனத்தில் எடுத்துக்கொள்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர நினைக்கிறீர்களோ அதன் சேர்க்கை விதியைப் படியுங்கள்.

ஆனால் ஐயா, இடத்துக்காக மட்டும் அனுப்புகிறீர்கள் என்றால் அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு அந்தக் கேள்விகள் பிடிக்கவில்லை என்றால், அவற்றோடு செலவழிக்கும் அத்தனை மாலைகளும் தண்டனைதான். பிடித்திருக்கிறது என்றால், இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த நேரம் வீணில்லை.

என் பையன் நிதானமாக யோசிப்பவன். இந்தப் போட்டிகள் எல்லாம் வேகத்துக்குத்தானே?

போட்டிக்குப் போட்டி இது மாறும். எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் முன் நேரத்தைக் கேள்வி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஹார்வர்ட், எம்.ஐ.டி. என்ற இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் சேர்ந்து 1998 முதல் நடத்தும் போட்டியில், பிப்ரவரிச் சுற்றில் ஒரு பாடத்தாளுக்கு 10 கேள்விகள், 50 நிமிடம். கேள்விக்கு ஐந்து நிமிடம்தான். விடையை மட்டும் எழுதினால் போதும். வாட்டர்லூவின் யூக்ளிட் தாளில் 10 கேள்விகளுக்கு இரண்டரை மணி நேரம், அதாவது கேள்விக்குக் கால் மணி. சில பகுதிகளுக்கு முழு விளக்கமும் எழுத வேண்டும். பழைய ஹங்கேரிப் போட்டியில் கேள்விக்கு 80 நிமிடம் வரும். சர்வதேச கணித ஒலிம்பியாடில் ஒரு நாளைக்கு மூன்று கேள்விகள், நாலரை மணி நேரம். கேள்விக்கு ஒன்றரை மணி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் போட்டியில் ஒரு சுற்றுக்கான கேள்விகளைச் சில நாட்களுக்கு முன்பே குழுவிடம் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து, கூடிப் பேசி, நிரூபணம் எழுதிக் கொண்டுவர வேண்டும்.

உங்கள் பையன் கடைசி இரண்டு வகைக்கு ஏற்றவன் மாதிரி தெரிகிறது. ஐந்து நிமிடப் போட்டியில் ஒரு தடவை உட்கார வைத்துவிட்டு, "இவனுக்கு இது ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானே எங்கள் துறைக் கூட்டங்களில் ஒவ்வோர் ஆண்டும் கூடுதல் நேரத்துக்காக வாதாடுகிறேன். கேள்வியைக் குறைக்கலாம், நேரத்தைக் குறைக்கக் கூடாது என்பது என் கட்சி. வேகமாக யோசிக்கிற பிள்ளையை எந்தத் தாள் வைத்தும் கண்டுபிடித்துவிடலாம். ஆழமாக யோசிக்கிற பிள்ளை கண்ணில் பட வேண்டுமென்றால் நேரம் கொடுத்தே ஆக வேண்டும்.

விளக்கம் எழுதும் கேள்விகளுக்கு எப்படி மார்க் போடுகிறீர்கள்? விடை சரியாக இருந்தும் எனக்கு 7-க்கு 2 தான் கொடுத்தார்கள்.
(பதினோராம் வகுப்பு மாணவன்)

மேலே சொன்ன 18 எண்கள் கணக்கை எடுத்துக்கொள்வோம், தம்பி. "முடியாது" என்பதுதான் விடை. அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் என்ன மார்க்? எதுவும் இல்லை. முடியும், முடியாது என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட யாராலும் முடியும்.

இப்போது ஒரு விடைத்தாளைக் கற்பனை செய். அந்த மாணவி நாலைந்து விதமாக அழித்து அழித்துப் பார்த்திருக்கிறாள். கடைசியில் மிஞ்சியது ஒரு தடவை 1, ஒரு தடவை 5, இன்னொரு தடவை 3. "எப்போதும் ஒற்றைப்படை எண்தான் வருகிறது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். அத்தோடு தாள் முடிந்துவிட்டது. அவளுக்கு நான் மார்க் கொடுப்பேன். நீ வாங்கிய அந்த 2 இந்த வகையாக இருக்கலாம். ஏனென்றால் அவள் சரியான இடத்தை மோப்பம் பிடித்துவிட்டாள்; ஏன் என்று சொல்வது மட்டும்தான் பாக்கி.

ஏன்? ஒவ்வொரு தடவை அழிக்கும்போதும் பலகையில் உள்ள எண்களின் மொத்தக் கூட்டுத்தொகை என்ன ஆகிறது என்று கவனி. அ, ஆ என்ற இரண்டு எண்களில் ஆ பெரியது என்று வைத்துக்கொள். அழித்தபின் கூட்டுத்தொகையிலிருந்து அ + ஆ போகிறது, ஆ - அ வந்து சேர்கிறது. ஆக மொத்தம் குறைவது அ-வின் இரண்டு மடங்கு. அது இரட்டைப்படை. அதனால் கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக ஆரம்பித்தால் கடைசி வரை ஒற்றைப்படையாகவே இருக்கும். 1 முதல் 18 வரை கூட்டினால் 171. ஒற்றைப்படை. ஆகவே கடைசியில் மிஞ்சுவதும் ஒற்றைப்படை, 0 வரவே வராது. இவ்வளவுதான், ஏழு மார்க்.

இதே கணக்கில் 18-க்குப் பதில் 20 என்று கேட்டால்? கூட்டுத்தொகை 210, இரட்டைப்படை. இங்கேதான் நல்ல மாணவர்கள் பலர் மார்க்கை விடுகிறார்கள். "கூட்டுத்தொகை இரட்டைப்படை, ஆகவே 0 வர முடியும்" என்று முடித்துவிடுவார்கள். இரட்டைப்படை என்பதால் 0 வருவதற்குத் தடை இல்லை என்று மட்டும்தான் தெரிகிறது. வரும் என்று தெரியவில்லை. 2 வரலாம், 4 வரலாம். 0 வரும் என்றால் செய்து காட்ட வேண்டும். 1-ஐயும் 2-ஐயும் அழி, 3-ஐயும் 4-ஐயும் அழி, இப்படியே 19-ஐயும் 20-ஐயும் வரை. பத்து 1-கள் கிடைக்கும். அவற்றை இரண்டிரண்டாக அழித்தால் ஐந்து 0-கள். அப்புறம் எப்படி அழித்தாலும் 0 தான். இந்த இரண்டு வரியை எழுதாததால் பாதி மார்க் போகும். போக வேண்டியதும் நியாயம்தான், ஏனென்றால் கணிதத்தில் "தடை இல்லை" என்பதும் "நடக்கும்" என்பதும் இரண்டு தனித்தனி வேலைகள்.

திருத்தும்போது இன்னும் சில விஷயங்கள் கண்ணில் படும். "தெளிவாகத் தெரிகிறது" என்று எழுதியிருக்கும் இடத்தில் நான் பேனாவை நிறுத்தி இரண்டு தடவை படிப்பேன். உண்மையிலேயே தெளிவாக இருந்தால் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே. பெரிய தேற்றம் ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டு, அது இங்கே எப்படிப் பொருந்துகிறது என்று சொல்லாமல் தாண்டிவிடுவதும் அப்படித்தான். நாங்கள் ஒரு கேள்வியை ஒரே ஆளிடம் விடுவதில்லை. இருவர் தனித்தனியாகத் திருத்துவோம். மார்க் வேறுபட்டால் உட்கார்ந்து பேசுவோம். அழகான கையெழுத்துக்கும் நீளத்துக்கும் மார்க் இல்லை. அடித்துத் திருத்தியிருந்தாலும் குறைக்க மாட்டோம்.

லெனின்கிராடில் இதற்கு வேறொரு வழி வைத்திருந்தார்கள். இறுதிச் சுற்றில் மாணவன் எழுதிக் கொடுப்பதில்லை, நடுவரிடம் போய் வாயால் விளக்குவான். ஓட்டை இருந்தால் நடுவர் அங்கேயே சுட்டிக்காட்டுவார், அவன் திரும்பப் போய் யோசித்துவிட்டு வருவான். நிறைய ஆட்கள் வேண்டும், நேரம் வேண்டும். ஆனால் "எனக்கு ஏன் 2?" என்ற கேள்வியே அங்கே எழாது. எங்களுக்கும் அந்த ஆசை உண்டு.

கால்குலேட்டர் கொண்டுபோகலாமா?

பெரும்பாலான போட்டிகளில் கூடாது, சிலவற்றில் உண்டு. விதித்தாளைப் பாருங்கள். அனுமதித்தாலும் பெரிதாகப் பயன்படாது. கையால் கூட்டிப் பெருக்க முடியாத அளவுக்கு ஓர் எண் வந்து நிற்கிறது என்றால் பெரும்பாலும் வழி தப்பியிருக்கிறீர்கள் என்றே அர்த்தம்.

கேள்விகளை யார் உருவாக்குகிறார்கள்? புத்தகங்களிலிருந்து எடுப்பதா?
(ஒரு கணித ஆசிரியை)

எடுக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், முன்பு இதே போட்டிக்கு வந்து இப்போது எங்களிடமே படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் கேள்வி எழுதித் தருவார்கள். தேவையைவிடப் பல மடங்கு வரும். அதில் ஏற்கெனவே எங்கேயோ வெளிவந்தது என்று யாராவது கண்டுபிடித்தால் உடனே வெளியே. பிறகு கேள்வியை முன்னால் பார்த்திராத சிலரை உட்காரவைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வோம். இந்தக் கட்டத்தில் மிகவும் உதவுபவர்கள் பேராசிரியர்கள் அல்ல, முதலாண்டு மாணவர்கள். பள்ளிப் பிள்ளை எங்கே தடுமாறும் என்று அவர்களுக்குத்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நீங்கள் ஆசிரியை என்பதால் சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. "ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளுக்கும் மூன்று நிறங்களில் வண்ணம் பூச வேண்டும், அடுத்தடுத்த மூலைகள் ஒரே நிறமாக இருக்கக் கூடாது, எத்தனை விதம்?" என்று ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மூலைகளுக்குத் தனித்தனிப் பெயர் இருப்பதாக எடுத்துக்கொண்டால் விடை 18. மூன்று நிறத்தையும் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று படித்தால் 12. சதுரத்தைச் சுழற்றி ஒன்றுபோல் வருவதை ஒன்றாகவே எண்ணினால் 6. மூன்று பிள்ளைகள் மூன்று விடை எழுதுவார்கள், மூவருமே சரியாக யோசித்திருப்பார்கள். ஆகவே மூலைகளுக்குப் பெயர் வைக்க வேண்டும், "ஏதாவது ஒரு நிறத்தைப் பயன்படுத்தாமலும் விடலாம்" என்று சேர்க்க வேண்டும். வகுப்பில் நீங்கள் ஒரு செய்முறை செய்யலாம். இந்தக் கேள்வியை முதலில் குறையோடு கொடுத்து, எத்தனை அர்த்தம் வருகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கேள்வியைக் கவனமாகப் படிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பள்ளியிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை. வழிகாட்டவும் ஆள் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

பழைய கேள்வித்தாளிலிருந்து. வாட்டர்லூவின் பழைய தாள்களும் விடை விளக்கங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன; ஹார்வர்ட், எம்.ஐ.டி. போட்டியின் தாள்களும் அப்படியே. ஒன்பதாம் வகுப்பு மாணவர் என்றால் வாட்டர்லூவின் பாஸ்கல் தாளில் தொடங்கலாம். பத்தாம் வகுப்புக்குக் கெய்லி, பதினொன்றுக்கு ஃபெர்மா என்று கணித மேதைகளின் பெயரில் வகுப்புவாரியாகவே வைத்திருக்கிறார்கள். எடுத்த எடுப்பில் பிப்ரவரி ஹார்வர்ட் தாளைத் திறக்க வேண்டாம். அதே போட்டிக்கு நவம்பரிலும் ஒரு சுற்று உண்டு; அந்தத் தாள் இதைவிட எளிது.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்காருங்கள். வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். விளக்கத்தை உடனே பார்க்காதீர்கள். ஒரு கேள்வியை மூன்று நாள் வைத்திருந்தும் வரவில்லை என்றால், விளக்கத்தின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரி போதும். முழு விளக்கத்தையும் படித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது போட்டிக்குத் தயாராவதே இல்லை. மறுநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதே விடையை நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்றே பொருள்.

நூற்றுக்கணக்கான குறுக்கு வழிகளை மனப்பாடம் செய்யவைக்கும் பயிற்சிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அப்படி வந்தவர்களை விடைத்தாளிலேயே அடையாளம் தெரியும். கேள்வி சற்றுத் திரும்பியிருந்தாலும் பழைய வழியையே போட்டிருப்பார்கள்.

போன ஆண்டு நான் போனபோது அறையில் நான் ஒருத்திதான் பெண். இந்த ஆண்டு போகவே கூச்சமாக இருக்கிறது.

போ. கூச்சம் நியாயமானதுதான், ஆனால் போ. அறையில் பெண்கள் குறைவாக இருப்பது நடத்துகிற எங்களுக்குத்தான் அவமானம், உனக்கு இல்லை.

மர்யம் மிர்சாகானியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-ல் வாங்கிய முதல் பெண். ஈரானில் பள்ளியில் படிக்கும்போது அவரும் அவருடைய தோழி ரோயா பெஹெஷ்தியும் ஒரு தேசியப் போட்டியின் கேள்வித்தாளைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். போட்டியில் மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டிய தாள் அது. அவர்கள் பல நாள் உட்கார்ந்து ஆறில் மூன்றைத்தான் போட்டார்கள். மூன்று வந்ததே என்று மர்யமுக்கு ஒரே உற்சாகம். இருவரும் தலைமை ஆசிரியையிடம் போய், ஆண்கள் பள்ளியில் நடப்பது மாதிரி எங்களுக்கும் கணக்குப் பயிற்சி வகுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். அந்த அம்மா உடனே ஏற்பாடு செய்தார். 1994-ல் ஈரானின் சர்வதேச ஒலிம்பியாட் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்கள் இந்த இருவர்தான். மர்யம் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தங்கம் வாங்கினார். 1995-ல் முழு மதிப்பெண், 42-க்கு 42.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. அவர் தனியாகப் போகவில்லை, தோழியோடு போனார். கேட்டபோது ஒரு பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். உன் வகுப்பில் ஒருத்தியைச் சேர்த்துக்கொள். பள்ளியில் கேள். பெண்களுக்கென்றே தனியாகவும் போட்டிகள் உண்டு. ஐரோப்பியப் பெண்கள் கணித ஒலிம்பியாட் 2012-ல் கேம்பிரிட்ஜில் தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. அதன் பழைய கேள்விகளும் கிடைக்கும், நல்ல கேள்விகள்.

குழுச் சுற்று என்கிறார்களே, கணக்கைக் கூட்டாகப் போடுவது எப்படி?

ஹார்வர்ட், எம்.ஐ.டி. போட்டியில் இதற்கென்றே புகழ்பெற்ற சுற்று ஒன்று இருக்கிறது. 80 நிமிடம், 36 கேள்விகள். பிப்ரவரியில் குழுவுக்கு எட்டுப் பேர். கேள்விகள் சின்னச் சின்னத் தொகுப்பாகத்தான் கைக்கு வரும். ஒரு தொகுப்புக்கு விடை எழுதியதும் குழுவில் ஒருவர் ஓடிப்போய்த் திருத்துபவரிடம் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கி வர வேண்டும். மதிப்பெண் அப்போதைக்கப்போதே திரையில் ஏறும். கடைசித் தொகுப்பில் துல்லியமான விடையே எதிர்பார்க்க மாட்டார்கள். உத்தேசமாக ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும், உண்மை விடைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு மார்க்.

சத்தமும் ஓட்டமுமாக இருக்கும். நிதானமாக யோசிக்கும் பிள்ளைகளுக்குக்கூட இது பிடித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் இங்கே ஒருவர் ஒரு கேள்வியோடு அப்படியே உட்கார்ந்துவிடலாம், மற்றவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள். யார் எதில் பலம் என்பதை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் விடையைச் சரிபார்க்க ஒருவரை ஒதுக்குங்கள். அந்த ஒருவர் கணக்குப் போடாமல் சரிபார்த்துக்கொண்டே இருப்பது வீண் என்று முதலில் தோன்றும். தோன்றினாலும் விடாதீர்கள்.

அடுத்த வாரம் எனக்கு முதல் போட்டி. அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

கேள்வித்தாள் வந்ததும் எல்லாக் கேள்விகளையும் ஒரு தடவை படித்துவிடு. எழுத ஆரம்பித்துவிடாதே. வரிசைப்படி எளிதிலிருந்து கடினம் என்று நாங்கள் அடுக்கியிருப்போம், ஆனால் எங்களுக்குக் கடினம் என்று பட்டது உனக்கு எளிதாக இருக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஏழாவது கேள்வியைப் போட்டுவிட்டு மூன்றாவதில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எண்கள் பெரிதாக இருந்தால் சின்ன எண் வைத்துப் போட்டுப் பார். 18-க்குப் பதில் 3, 4, 5 என்று. அதில் கிடைப்பதை வரிசையாக எழுதி வை. விளக்கம் எழுத வேண்டிய தாள் என்றால், முடிக்க முடியாவிட்டாலும் இதுவரை கண்டதைச் சுருக்கமாக எழுதிக் கொடு. "இதை நிரூபித்தேன், இதை ஊகிக்கிறேன்" என்று பிரித்துச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. வெற்றுத்தாளுக்கு மார்க் கொடுக்க எங்களுக்கு வழியே இல்லை. குழம்பிக் கிடக்கும் பக்கத்தில் ஒரு நல்ல வரி இருந்தால் தேடிப் பிடித்துவிடுவோம்.

போட்டி முடிந்ததும் பெரும்பாலான இடங்களில் விடைகளை விளக்கும் நேரம் ஒன்று இருக்கும். களைப்பில் கிளம்பிவிடாதே. கேள்வி போட்டவர்களே அங்கே நிற்பார்கள். வராத கேள்வியை எடுத்துக்கொண்டு போய்க் கேள். நீ செய்துபார்த்த வழியையும் காட்டு. நாங்கள் யோசிக்காத வழியாகவும் அது இருக்கலாம்.